தோலும் நாணும்

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து டேனரிகளில் ஒரு சின்னச் சோதனை உண்டு. குரோம் டிரம்மிலிருந்து எடுத்த ஈரத்தோலில், அதாவது நீலம் ஏறிய அந்த ‘வெட் ப்ளூ’வில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு வெட்டுவார்கள். அதைக் காகிதத்தில் வைத்துப் பேனாவால் சுற்றி வரைவார்கள். பிறகு கொதிக்கும் தண்ணீரில் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் கழித்து எடுத்து, வரைந்த கோட்டுக்குள் மறுபடி வைத்துப் பார்ப்பார்கள். கோடும் துண்டும் ஒத்துப்போனால் தோல் பதமாகிவிட்டது. ஓரம் சுருண்டு கோட்டுக்கு உள்ளே ஒடுங்கிக் கிடந்தால் டிரம் இன்னும் சுற்ற வேண்டும்.

அதே ஊரில் அதே காலையில் ஏதோ ஒரு வீட்டு அடுப்பில் ஆட்டுக்கால் பாயா கொதித்துக்கொண்டிருக்கும். அங்கே எதிர்பார்ப்பு தலைகீழ். குளம்புக்கு மேலே வெள்ளை நாடாவாக ஓடும் தசைநாண்கள் முதலில் சுருங்க வேண்டும், பிறகு கண்ணாடி மாதிரி ஆக வேண்டும், கடைசியில் கரைந்து குழம்போடு குழம்பாகி உதட்டில் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லையென்றால் கால் இன்னும் வேகவில்லை என்று மூடியைப் போட்டுவிடுவார்கள்.

இரண்டு பாத்திரத்திலும் வேகிறது ஒரே புரதம்தான், கொலாஜன். கொதிநீரில் ஒன்று அசையாமல் நிற்கிறது, மற்றது கரைந்துபோகிறது. ஒன்று முடிச்சுப் போடப்பட்ட கொலாஜன், இன்னொன்று இயற்கை விட்டபடி இருக்கும் கொலாஜன். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், நம் கையிலும் காலிலும் இருக்கும் நாண்கள் எப்படித் தாங்குகின்றன, அறுந்தால் ஏன் அவ்வளவு மெதுவாக ஆறுகின்றன என்பது பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாகப் புரிகிறது. குறைந்தபட்சம் எனக்கு அப்படித்தான் புரிந்தது.

புரிய வேண்டிய அவசியம் எங்கள் தெருவில் வந்தது. ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் கட்டிங் வேலை பார்த்த பாய் ஒருவர். தோல் வெட்டி ஒரு கீறல்கூட வாங்கியதில்லை என்று சொல்லிக்கொள்வார். வீட்டில் பலாக்காய் நறுக்கும்போது கத்தி வழுக்கி இடது கை மோதிர விரலின் அடியில் இறங்கிவிட்டது. “நரம்பு அறுந்துபோச்சு தம்பி, விரலு மடங்கவே மாட்டேங்குது” என்றார். அறுந்தது நரம்பு அல்ல, தசைநாண். தசையையும் எலும்பையும் இணைத்து, தசை இழுத்தால் எலும்பை அசைய வைக்கும் கயிறு அது. ஆனால் நம் பேச்சில் நாண், நாளம், உணர்வு நரம்பு எல்லாமே ‘நரம்பு’தான். இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. நரம்பு என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் யாழின் தந்தி என்றும் பொருள் உண்டு. தோற்கருவி, நரம்புக்கருவி என்று இசைக்கருவிகளைப் பிரித்தவர்கள், முழவில் விரித்துக் கட்டிய தோலும் குடலில் முறுக்கிய நரம்பும் ஒரே பொருளின் இரண்டு நெசவு என்று வேதியியலில் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் பிரித்த இடம் சரியான இடம்.

நெசவு என்று சொன்னது உவமைக்காக மட்டும் இல்லை. தோலின் கொலாஜன் இழைகள் கூடை முடைந்தது போல எல்லாப் பக்கமும் பின்னிக் கிடக்கின்றன. அதனால்தான் ஷூவின் மேல்தோலை எந்தத் திசையில் இழுத்தாலும் கிழியாமல் நிற்கிறது. தசைநாணில் இழைகள் எல்லாம் ஒரே திசையில், பாவுநூல் போல, பக்கத்தில் பக்கமாக ஓடுகின்றன. ஈரம் போக மிஞ்சும் எடையில் முக்கால் பங்கு அளவுக்கு, பெரும்பாலும் முதல் வகை என்று எண்ணிடப்பட்ட கொலாஜன். ஓய்வில் அந்த இழைகள் லேசாக நெளிந்திருக்கும். இழுத்ததும் நெளிவு முதலில் நிமிரும், அதன் பிறகே பாரம் ஏறும். ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டுள்ள நாண் 500 கிலோவுக்கு மேல் தாங்கும். ஆனால் நீளவாக்கில் மட்டும்தான். பக்கவாட்டில் பிரிப்பதென்றால் நகத்தால் உரித்துவிடலாம், பாயாவில் செய்வது போல.

இந்த இழையின் உள்ளமைப்பைக் கண்டுபிடித்த கதையிலும் தோலும் நாணும் ஒன்றாகத்தான் வருகின்றன, அதுவும் சென்னையில். 1948இல் அடையாறில் தொடங்கப்பட்டது மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். பக்கத்திலேயே, கிண்டியில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு 1952இல் வந்து சேர்ந்தார் ஜி. என். ராமச்சந்திரன். கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத புதிர் என்று, சென்னைக்கு வந்திருந்த, அயர்லாந்தில் பிறந்த அறிவியலாளர் ஜே. டி. பெர்னால் அவரிடம் சொன்னார். எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கத் தூய்மையான கொலாஜன் வேண்டும். அது கிடைத்தது பக்கத்துத் தோல் நிறுவனத்தில்: கங்காரு வால் தசைநாண். தோலை ஆராயும் இடம் நாணைக் கொடுக்க, ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் ‘நேச்சர்’ இதழில் மூன்று இழைத் திருகலை அறிவித்தார்கள். அடுத்த ஆண்டில் அதைச் செப்பனிட்டு, மூன்று திருகிழைகள் மறுபடியும் ஒன்றையொன்று முறுக்கிய கயிறு என்றார்கள். அந்தத் தோல் நிறுவனத்தின் அரங்கத்துக்கு இன்றும் ‘டிரிபிள் ஹீலிக்ஸ்’ என்றே பெயர்.

மூன்று புரியை முறுக்கிக் கயிறு திரிப்பதைக் கிராமத்தில் பார்த்திருப்போம். கொலாஜனும் அப்படித்தான். ஒவ்வொரு புரியிலும் ஆயிரத்துக்குச் சற்று அதிகமான அமினோ அமிலங்கள், அவற்றில் ஒவ்வொரு மூன்றாவதும் கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. முறுக்கின் நடுவில் வேறு எதற்கும் இடமில்லை. மற்ற இடங்களில் புரோலினும், ஆக்சிஜன் சேர்க்கப்பட்ட ஹைட்ராக்ஸி புரோலினும் நிறைய. அந்தச் சேர்க்கைக்கு வைட்டமின் சி வேண்டும். அது கிடைக்காத பழைய கடற்பயணங்களில் மாலுமிகளுக்கு ஸ்கர்வி வந்தபோது, எப்போதோ ஆறிய தழும்புகள்கூட மறுபடி பிளந்துகொண்டன. ஆறிய புண் என்று நாம் நினைப்பது, உடம்பு ஓயாமல் பராமரித்துக்கொண்டிருக்கும் ஒரு தையல்.

இனி சுண்ணாம்புத் தொட்டிக்கு வருவோம். ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், நாற்றம் ஒரு பக்கம் இருந்தாலும். உப்புப் போட்டு வந்த பச்சைத்தோலை ஊறவைத்து, சுண்ணாம்பிலும் சோடியம் சல்பைடிலும் போடுகிறார்கள். முடி உதிர்வதற்காக என்றுதான் வெளியாள் நினைப்பார். முடியோடு இன்னொன்றும் போகிறது. கொலாஜன் இழைகளுக்கு நடுவே நிரம்பியிருக்கும் பிற புரதங்கள், சர்க்கரைச் சங்கிலி கோத்த டெக்கோரின் போன்றவை, நீரை இழுத்து வைக்கும் ஹயலூரோனிக் அமிலம் எல்லாம் கழன்று வெளியேறுகின்றன. மிச்சம் மீதியை அடுத்து வரும் நொதிக் குளியல் தின்கிறது. ஒரு காலத்தில் அதற்கு நாய் மலமும் புறா எச்சமும் கரைத்தார்கள், இப்போது கணைய நொதி வாங்குகிறார்கள். தொட்டிகளில் ஏறி இறங்கிய பிறகு தோலில் செல் என்று ஒன்றும் இல்லை. ஏறக்குறைய வெறும் கொலாஜன் வலை. நடுவில் இடம் காலியானால்தான் குரோமியம் உள்ளே போக முடியும்.

டேனரிக்கு இடைஞ்சல் என்று வழித்துக் கொட்டும் அந்தச் சில்லறைப் புரதங்களைத்தான் தசைநாண் பொக்கிஷமாக வைத்திருக்கிறது. டெக்கோரின் இழையின் மேல் ஏறி உட்கார்ந்து, அது எவ்வளவு பருமனாகலாம் என்று அடக்கி வைக்கிறது. டெக்கோரின் இல்லாதபடி வளர்க்கப்பட்ட எலிகளின் தோல் எளிதில் கிழிகிறது. இழைகள் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் கிடக்கின்றன. எலாஸ்டின் மிகக் கொஞ்சம்தான், ஆனாலும் இழுத்ததைப் பழைய நீளத்துக்குக் கொண்டுவர உதவுகிறது. நாணின் மேற்பரப்பில் லூப்ரிசின் என்ற புரதம் வழவழப்பைத் தருகிறது. உறைக்குள் விரல் நாண் எண்ணெய் போட்டது போல ஓடுவது அதனாலும்தான். இவற்றுக்கு நடுவே டெனோசைட் செல்கள் வரிசை வரிசையாக நசுங்கிய மாதிரி உட்கார்ந்து, பாரம் எவ்வளவு வருகிறது என்று உணர்ந்து, அதற்கேற்பக் கொலாஜனைச் சுரக்கின்றன, வெட்டவும் செய்கின்றன.

வழவழப்பு இல்லாமல் தோலுக்கும் முடியாது என்பது வேடிக்கை. பதனிட்ட தோலை அப்படியே உலர்த்தினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, தகரம் போல விறைக்கும். அதனால் மறுபடி டிரம்மில் போட்டு, நீரில் கலக்கும்படி மாற்றிய எண்ணெயை ஊட்டுகிறார்கள். இயற்கை வைத்த மசகை ஒரு தொட்டியில் எடுத்துவிட்டு, வேறு மசகை இன்னொரு டிரம்மில் காசு கொடுத்து ஏற்றுகிறோம். எடுத்ததெல்லாம் எங்கே போயிற்று என்றால், உப்போடும் குரோமியத்தோடும் சேர்ந்து பல காலம் பாலாற்றுப் பக்கம்தான் போயிற்று. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது அதைப் பற்றித்தான்.

முடிச்சுகளுக்கு வருவோம். பச்சைத்தோலை நீரில் சூடாக்கினால் 60, 65 டிகிரி செல்சியஸ் வாக்கில் முறுக்கு அவிழ்ந்து சுருங்கிவிடும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டு வாரக்கணக்கில் பதனிட்ட பழைய முறைத் தோல் 80 டிகிரியை ஒட்டித் தாங்கும். குரோமியம் ஏறியது 100ஐத் தாண்டும். கொதிநீர்ச் சோதனையின் ரகசியம் அதுதான். குரோமிய உப்பு, கொலாஜனின் அமிலப் பக்கக் கிளைகளைப் பிடித்துக்கொண்டு இழைக்கு இழை பாலம் போடுகிறது. அந்த வேலை டிரம்மில் ஏறக்குறைய ஒரே நாளில் முடிந்துவிடும்.

நாணும் முடிச்சுப் போடுகிறது. லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி, செம்பின் துணையோடு, லைசின் என்ற அமினோ அமிலத்தைத் திறந்துவிட, பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் கைகோத்துக்கொள்கின்றன. இந்த முடிச்சு இல்லாவிட்டால் கொலாஜன் எவ்வளவு இருந்தாலும் நாண் உருவிக்கொண்டு போகும். ஆனால் நொதி இதை எண்ணி, இடம் பார்த்துப் போடுகிறது: பெரும்பாலும் மூலக்கூறின் முனைகளில். டிரம்முக்கு இந்தக் கணக்கு கிடையாது.

கணக்கில்லாமல் முடிச்சுப் போடும் ஆள் உடம்பிலும் ஒருவர் உண்டு: சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் ஏறியே இருந்தால், அது எந்த நொதியின் உத்தரவும் இல்லாமல் லைசினோடும் ஆர்ஜினினோடும் ஒட்டி, இழைகளுக்கு நடுவே பாலம் கட்டுகிறது. உடம்புக்குள் மெதுவாக நடக்கும் பதனிடுதல் என்றே இதைச் சொல்லலாம். சர்க்கரைக்காரர்களுக்குத் தோள் இறுகுவதும், விரல் மடங்கிச் சிக்கிக்கொள்வதும் மற்றவர்களைவிட அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். வணக்கம் சொல்வது போலக் கைகூப்பச் சொல்லி மருத்துவர் பார்ப்பார். உள்ளங்கையும் விரல்களும் படிந்து சேர வேண்டும். நடுவில் வெளிச்சம் தெரிந்தால், கைத்தோலும் நாணுறைகளும் இறுகத் தொடங்கிவிட்டன என்று பொருள். வணக்கம் வைப்பதே நோய் காட்டும் ஊர் இது.

நாணில் விழுந்த தேவையற்ற முடிச்சை அவிழ்ப்பது ஏன் கடினம் என்பதற்கு 2013இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. யார் உடம்பில் எந்த ஆண்டின் கார்பன் இருக்கிறது என்பதை வைத்து, குதிகால் நாணின் நடுப்பகுதி எப்போது உருவானது என்று கணக்கிட்டார்கள். பதினேழு வயது வாக்கில் உருவானது அப்படியே இருக்கிறது. அதன் பிறகு புதுப்பித்தல் இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. அறுபது வயதுக்காரர் பள்ளிக்கூடத்து நாணோடுதான் நடந்துகொண்டிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு அலமாரியில் கிடக்கும் பழைய தோல் செருப்பு நினைவுக்கு வந்தது. உயிருள்ள நாணின் நடுப்பகுதி, நாம் நினைத்ததைவிடத் தோலுக்குப் பக்கத்து வீடு.

அப்படியானால் அறுந்தால் எப்படிச் சேரும்? இங்கேதான் வேலூர் வருகிறது. பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயில் அல்நார் நரம்பு செத்து, கையின் சிறு தசைகள் செயலிழந்து, விரல்கள் கொக்கியாக மடங்கிக் கிடந்த மனிதர்களைப் பார்த்தார். அங்கே செத்தது உண்மையிலேயே நரம்பு. நாண்கள் நல்லபடியாகவே இருந்தன. முன்கையில் உயிரோடு இருந்த ஒரு தசையை எடுத்து, கெண்டைக்காலில் இருந்து உருவிய பிளான்டாரிஸ் என்ற மெல்லிய நாணை அதோடு இணைத்து, நான்காகப் பிரித்து, நான்கு விரல்களுக்கும் கொண்டுபோய்க் கட்டினார். அவர் பெயராலேயே அந்த அறுவை முறை இன்றும் பாடமாக இருக்கிறது. 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்ததும் இந்த ஊரில்தான்.

உருவி ஒட்டிய அந்த நாணின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ரத்த ஓட்டம் அறுபட்டுவிட்டது. உள்ளிருந்த செல்கள் பல இறந்துபோகும். சில வாரங்களுக்கு அது கிட்டத்தட்ட டேனரித் தோல் மாதிரி, ஆளில்லாத கொலாஜன் சாரம். சுற்றிலும் இருக்கும் திசுவிலிருந்து செல்கள் வந்து அதில் குடியேறினால்தான் அது நாண். ஆனால் வரும் செல்கள் நாணோடு நிற்பதில்லை. மூன்றாம் வகைக் கொலாஜனை அவசர அவசரமாக, மெல்லிய இழைகளாக, திசை பார்க்காமல் கொட்டுகின்றன; நாணையும் பக்கத்து உறையையும் எலும்பையும் சேர்த்தே பூசி ஒட்டிவிடுகின்றன. கொலாஜன் என்ற பெயரே பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. நம் தச்சர்கள் காய்ச்சிய வஜ்ஜிரமும் தோல் கழிவிலிருந்து வந்த கொலாஜன்தான். கை மருத்துவரின் பாதிப் போராட்டம் இந்த வஜ்ஜிரத்தோடு. அசைக்காமல் வைத்தால் நாண் சேரும், ஆனால் சுற்றிலும் ஒட்டி விரல் மரக்கட்டையாகும். சீக்கிரம் அசைத்தால் ஒட்டாது, ஆனால் தையல் விட்டுப்போகலாம். தோல்காரர் முடிச்சு விழ விழச் சந்தோஷப்படுவார். இவர் எங்கே விழக்கூடாது என்று காவல் இருக்கிறார்.

தையல் நூலிலும் இந்த இரண்டு உலகமும் சந்திக்கின்றன. கேட்கட் என்பது ஆடு, மாட்டுக் குடலில் இருந்து எடுத்த கொலாஜன் நூல். வெறுமனே வைத்துத் தைத்தால் உடம்பு அதை ஒரு வாரம் பத்து நாளில் தளர்த்திவிடும். அதனால் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் காலத்தில் அதைக் குரோமியத்தில் பதனிட்டார்கள். வலு இரண்டு மூன்று வாரம் வரை நிற்கும். ஆம்பூர் டிரம்மில் நடப்பதுதான், நூலுக்கு நடக்கிறது. அதுவும் தசைநாணுக்குப் போதாது, ஏனென்றால் நாண் அதைவிட மெதுவாக ஆறுகிறது. எனவே நாணைத் தைக்கக் கரையாத செயற்கை நூல்.

பாய்க்கும் அப்படித்தான் தைத்தார்கள். கையின் முதுகுப் பக்கம் கட்டை வைத்துக் கட்டி, அறுவை முடிந்த சில நாளிலேயே, இன்னொரு கையால் விரலை மெல்ல மடக்கி நிமிர்த்தச் சொன்னார்கள். முதல் இரண்டு வாரத்தில்தான் ஆபத்து. வலி குறைந்துவிடும், தானாக மடக்கிப் பார்க்க ஆசை வரும். உள்ளேயோ, அறுந்த முனைகள் இளகி, தையல் பிடிமானம் முன்பைவிடக் குறைந்திருக்கும். பிறகு வாரக்கணக்கில் மூன்றாம் வகைக் கொலாஜன். அதை வெட்டும் நொதிகள் ஒரு பக்கம் வெட்ட, இன்னொரு பக்கம் முதல் வகை வந்து அமர, இழைகள் இழுவையின் திசைக்குத் திரும்புவதற்கு மாதங்கள், முழுக்க அடங்க ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். அப்போதும் அது பழைய நாண் ஆவதில்லை. தழும்பு கலந்த நாண். திசை காட்டுவது பாரம். பாரம் இல்லாத நாணில் செல்களுக்கு எந்தப் பக்கம் நெய்வது என்றே தெரியாது.

கொலாஜன் பவுடர் வாங்கித் தரட்டுமா என்று பாயின் மகன் கேட்டான். வெளிநாட்டு டப்பா, விலையும் அதற்கேற்ப. தின்ற கொலாஜன் அப்படியே விரலுக்குப் போய் உட்காராது. வயிறு அதை அமினோ அமிலமாகவும் சிறு துண்டுகளாகவும் அரைத்துவிடும். 2017இல் வந்த ஓர் ஆய்வில், 15 கிராம் ஜெலட்டினும் வைட்டமின் சியும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கயிறு தாண்டியவர்களின் ரத்தத்தில், கொலாஜன் உற்பத்தியைக் காட்டும் குறி கூடியிருந்தது. ஆய்வில் இருந்தவர்கள் எட்டே பேர், எல்லாரும் ஆரோக்கியமான ஆண்கள். அறுந்த நாண் ஆறியதாக அது சொல்லவில்லை. பாயா குடியுங்கள், கூட ஒரு நெல்லிக்காய் கடியுங்கள், பயிற்சியை விடாதீர்கள் என்றேன். சிப்ரோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் எழுதினால் மட்டும் நாண் அறுந்த கதையை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள் என்றும் சேர்த்தேன். அந்த வகை மருந்துகள் நாணைப் பலவீனப்படுத்தலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே கட்டம் போட்ட எச்சரிக்கை வைத்திருக்கிறது.

பாய் தன் வழியில் ஓர் அளவுகோல் செய்துகொண்டார். கட்டிங் மேசையில் மிஞ்சும் 1.2 மில்லிமீட்டர் தோல் துண்டுகளை நகம் அளவுக்கு வெட்டி அடுக்கி வைத்திருக்கிறார். விரலை முடிந்த மட்டும் மடக்கி, நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே எத்தனை துண்டு செருக முடிகிறது என்று எண்ணுவார். கட்டுப் பிரித்த ஆறாவது வாரத்தில் இருபது. மூன்றாம் மாதம் ஒன்பது. நேற்று டீக்கடையில் பார்த்தபோது கேட்டேன். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மூன்று.